அறுபது நாள் மாப்பிள்ளை

கதவைச் சாத்துகிறார். திறக்கிறார். மறுபடி சாத்துகிறார். காதைப் பலகையோடு ஒட்டி வைத்துக்கொண்டு இன்னொரு முறை. அரங்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டிருப்பவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். கௌஸ் முகம்மது யாரையும் பார்ப்பதில்லை. சட்டைப்பையிலிருந்து ஒரு துண்டு உப்புத்தாளை எடுத்து, கதவின் அடிவிளிம்பை இரண்டு இழுப்பு இழுத்துவிட்டுத் திரும்பவும் சாத்துகிறார். இந்தத் தடவை 'டப்' என்று சுத்தமாக ஒரு சத்தம்.

"இதான். இந்தச் சத்தத்துக்குத்தான் சிரிப்பாங்க," என்கிறார், தான் சிரிக்காமல்.

அடுத்த கதவுக்குப் போகிறார். மேடையில் மொத்தம் நாலு கதவுகள். வாசல், சமையலறை, படுக்கையறை, குளியலறை. நடுவில் ஒரு சோபா, ஓரத்தில் ஒரு தொலைபேசி. முப்பது வருடங்களாக அவர் எழுதிய எல்லா நாடகங்களும் இந்த ஒரே வீட்டில்தான் நடக்கின்றன. ஒரு கதவு வழியாகக் கணவன் ஒளிந்தால் இன்னொரு கதவு வழியாக மாமனார் வருவார். மூன்றாவது கதவைத் திறந்தால் அங்கே ஏற்கெனவே ஒருவர் துண்டோடு நிற்பார்.

கௌஸ் பாய்க்குச் சொந்த ஊர் கீழக்கரை. வேலை துபாயில், அல் கூஸ் பகுதியில் ஒரு மரவேலைப் பட்டறையில் ஃபோர்மேன். வாரம் ஆறு நாள் மற்றவர்கள் வீட்டுக்குக் கதவும் சமையலறை அலமாரியும் செய்கிறார். ஏழாவது நாள் நாடகம். பத்தொன்பது எழுதியிருக்கிறார். 'சோபாவுக்கு அடியில் சம்பந்தி', 'நானூற்றிரண்டில் நாலு பேர்', 'எட்டு மணிக்கு மாமியார் இறங்குகிறார்'. துபாய், ஷார்ஜா, மஸ்கட், குவைத் என்று தமிழ்ச் சங்கங்கள் உள்ள ஊர்களில் எல்லாம் போட்டாயிற்று. ஒன்றுகூடப் புத்தகமாக வந்ததில்லை. வளைகுடாவில் பதினைந்து வருடம் குடும்பத்தோடு இருந்த யாரைக் கேட்டாலும், "ஆமாங்க, ஒருத்தர் சோபாவுக்கு அடியில படுத்துக்கிட்டே பிரியாணி சாப்பிடுவாரே!" என்பார்கள். எழுதியவர் பெயரைக் கேட்டால் தெரியாது.

எனக்குத் தெரியும். பதினோரு வருடமாக அந்த நாடகங்களில் நான்தான் பெண்டாட்டி. மேடைக்கு வெளியே ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் ஆசிரியை. ஜெயலட்சுமி என்ற என் பெயரை அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை. 'டீச்சர்'தான்.

அவருக்கு வயது ஐம்பத்தைந்து. ஒல்லி. இடது மோதிர விரலின் நுனியை ஒரு ரம்பம் என்றோ வாங்கிக்கொண்டுவிட்டது. பேசினால் அனுமதி கேட்பது போல இருக்கும். நகைச்சுவை எழுதுகிறவர் பேச்சிலும் அப்படி இருப்பார் என்று நினைத்துப் புதிதாக வருகிற நடிகர்கள் ஏமாந்துபோவார்கள். ஒத்திகையில் நாங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும்போது அவர் வசனத்தாளைப் பார்த்துக்கொண்டிருப்பார். "இந்த எடத்துல ஒரு வார்த்த அதிகமா ஈக்கிது. எடுத்துருவோம்," என்பார். எடுத்தால் சிரிப்பு இரண்டு மடங்காகும்.

தன் நாடகத்தை அவர் உட்கார்ந்து பார்த்ததில்லை. திரை விலகியதும் அரங்கத்துக்குப் பின்னால் உள்ள நடைபாதைக்குப் போய்விடுவார். அங்கே குடிதண்ணீர் மெஷின் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். சுவருக்கு அந்தப் பக்கம் எழுநூறு பேர் சிரிக்கிற சத்தத்தை விரல்விட்டு எண்ணுவார். மூன்று நொடி, நாலு நொடி. ஏழைத் தாண்டினால் அரபியில் "கலாஸ்", முடிந்தது, என்று ஒரு தடவை சொல்லிக்கொள்வார். அவ்வளவுதான் கொண்டாட்டம்.

முதல் நாடகம் அவர் எழுதவே இல்லை, நடந்தது என்பார். தொண்ணூற்றைந்தாம் வருடம். கம்பெனித் தொழிலாளர்கள் தங்கும் கேம்ப்பில் அவர் அறையில் மக்தூம் என்று ஒருவர் இருந்தார், எலக்ட்ரீஷியன். பெண் பார்க்கும்போது தனக்கு ஃபிளாட் இருப்பதாகச் சொல்லிக் கல்யாணம் முடித்திருந்தார். திடீரென்று மாமனார் விசிட் விசாவில் வந்து இறங்கிவிட்டார். கம்பெனி இன்ஜினியர் லீவில் போயிருந்ததால் அவருடைய ஃபிளாட்டின் சாவியைக் கேட்டு வாங்கி, கேம்ப்பே சேர்ந்து மக்தூமுக்கு நாலு நாள் வீடு நடத்தியது. ஒருவர் சமையற்காரர் ஆனார், ஒருவர் டிரைவர், கௌஸ் பாய் பக்கத்து ஃபிளாட்காரர். மூன்றாவது நாள் இன்ஜினியரின் மனைவியின் தங்கை, விஷயம் தெரியாமல், தன்னிடம் இருந்த சாவியால் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்துவிட்டாள்.

"அப்புறம்?" என்று நான் கேட்டேன்.

"அவளும் நல்ல பொண்ணு. ஒரு நிமிஷம் பாத்தா. அப்புறம் 'ஸலாம் அலைக்கும் மாமா, சாப்ட்டீங்களா?'ன்னு கேட்டுட்டு சமையல்கட்டுக்குப் போயிட்டா. மாமனார் ஊருக்குப் போற வரைக்கும் அவருக்குத் தெரியாது."

அடுத்த பெருநாளுக்கு அதையே கேம்ப் சாப்பாட்டுக் கூடத்தில் நாடகமாகப் போட்டார்கள். தோள்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு ஒரு பெயின்டர் பெண் வேடம் கட்டினார். எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவர் மக்தூம். அன்றைக்குத்தான் தனக்கு ஒன்று பிடிபட்டது என்பார் கௌஸ் பாய்: "பொய் சொல்றவன் நல்லவனா இருக்கணும் டீச்சர். கெட்டவன் பொய் சொன்னா அது போலீஸ் கேஸு. நல்லவன் மாட்டிக்கிட்டு முழிச்சாத்தான் நாடகம்."

கதவு விஷயத்தில் அவர் யாரையும் நம்பாததற்குக் காரணம் ஃபஹாஹீல் என்ற ஊர். குவைத்தில் ஒரு பள்ளி அரங்கம். அங்கேயே செய்த மேடைக்கதவு, பெயின்ட் காயாமல் ஒட்டிக்கொண்டது. மாமனார் வேடக்காரர் உள்ளே வர முடியாமல் தள்ளிப் பார்த்து, உதைத்துப் பார்த்து, கடைசியில் ஜன்னல் வழியாக ஏறிக் குதித்து, "வாசல் சரியில்ல மாப்ள" என்றார். கூட்டம் எழுந்து நின்று சிரித்தது. நாடகத்திலேயே பெரிய சிரிப்பு அதுதான் என்று நாங்கள் குதித்தோம். அவர் மட்டும் இரண்டு நாள் சாப்பிடவில்லை. "அது நான் எழுதாத சிரிப்பு," என்றார். அதற்குப் பிறகு எந்த ஊரில் நாடகம் என்றாலும் கீல், தாழ்ப்பாள், உப்புத்தாள் எல்லாம் அவருடைய பையிலேயே போகும்.

அவர் தங்கியிருப்பது பட்டறைக்குப் பின்னால் உள்ள கம்பெனி அறை. நாலு கட்டில். மற்ற மூவரில் இருவர் நேபாளம், ஒருவர் பெஷாவர். அவர்கள் தங்களுக்குள் இந்தியில் பேசிக்கொள்வார்கள். கௌஸ் பாய் கட்டிலில் சம்மணம் போட்டு, பட்டறை வரைபடத் தாள்களின் பின்பக்கத்தில் எழுதுவார். பெஷாவர்க்காரர் ஒரு நாள், "பாய், தினமும் என்ன எழுதுகிறாய், வீட்டுக்கா?" என்று கேட்டாராம். "ஹாங், வீட்டுக்குத்தான்," என்று சொல்லிவிட்டாராம். அந்த அறையில் அவர் நாடகம் எழுதுகிறவர் என்று யாருக்கும் தெரியாது.

பெண்டாட்டி ஜொஹரா கீழக்கரையில். தொண்ணூற்றாறில் கல்யாணம். அந்த ஊர் வழக்கப்படி வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் அங்கே போய் இருக்க வேண்டும். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை அறுபது நாள் லீவில் கௌஸ் பாய் போய் இருந்துவிட்டு வருவார். ஒரே மகள் ஆமிரா. அவளுக்கும் கல்யாணமாகிவிட்டது. ஜொஹராவை இங்கே அழைத்துவரலாமே என்று யாராவது சொன்னால், "அவ உம்மா படுக்கைல ஈக்கிறாங்க" என்பார். அது உண்மைதான். படுக்கையிலேயே ஒன்பது வருடம்.

மேடையில் நான் நடித்த பெண்டாட்டி ஓயாமல் திட்டுகிறவள். ஈரத் துண்டுக்குத் திட்டுவாள், மூடாத பாத்திரத்துக்குத் திட்டுவாள். கணவன் மூச்சு விட்டால் ஏன் விட்டாய் என்பாள். பார்க்கிறவர்கள் அதை அவருடைய சொந்தக் கதை என்றே முடிவு கட்டியிருந்தார்கள். கணவனாக நடிக்கிற விஜயபாஸ்கர், கோயம்புத்தூர்க்காரர், வாய் சும்மா இருக்காது. "பாய், நீங்க இங்க இருக்கறதே பாதுகாப்புக்குத்தானுங்களே?" என்று கேட்பார். கௌஸ் பாய் வசனத்தாளைப் புரட்டுவார்.

திட்டுக்கு நடுவில் ஒரே ஒரு இடம் வரும். 'நானூற்றிரண்டில் நாலு பேர்' நாடகத்தில், ஊரிலிருந்து மனைவி தொலைபேசியில் பேசுகிறாள். மேடையின் ஓரத்தில் விளக்கு வெளிச்சத்தில் நான். கணவன் இந்தப் பக்கம் இருமுகிறான். நான் கையில் ஒரு தம்ளர் தண்ணீரோடு திகைத்து நின்று சொல்ல வேண்டும்: "என்னங்க, நீங்க போன்ல இருமுனீங்களா, நான் பாட்டுக்கு எந்திரிச்சுத் தண்ணி எடுத்துட்டு வந்துட்டேன்." சொல்லிவிட்டுத் தம்ளரைத் தொலைபேசியிடம் நீட்ட வேண்டும். ஒன்பது நொடி சிரிப்பு. ஒவ்வொரு ஊரிலும் ஒன்பது நொடி. அவர் எழுதியதிலேயே நீளமான சிரிப்பு அதுதான்.

ஜொஹராவின் உம்மா மூன்று வருடம் முன்பு காலமானார். போன வருடம் ஜனவரியில், மகள் ஆமிரா யாரிடமும் கேட்காமல் தாய்க்கு ஒரு மாத விசிட் விசா எடுத்து அனுப்பிவிட்டாள். மீனா பஜாரில் துணிக்கடை வைத்திருக்கும் ஊர்க்காரர் நெய்னா முகம்மது அந்த மாதம் குடும்பத்தோடு லீவில் போனார். பர் துபாயில் இருந்த தன் ஃபிளாட்டின் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார்.

நான் போய்ப் பார்த்தேன். ஜொஹரா உயரமானவர், நிதானமாகப் பேசுகிறவர். எனக்கு டீ கொண்டுவரப் போனார். கௌஸ் பாய் விளக்கைப் போடுவதற்காகச் சுவரில் ஒவ்வொரு ஸ்விட்சாக அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். மின்விசிறி ஓடியது, நின்றது. கடைசியில் ஜொஹராதான் வந்து போட்டார்.

"நீங்க ஒக்காருங்க மச்சான்," என்றார்.

"இல்ல, நீ ஒக்காரு. களைப்பா இருப்ப."

"நான் என்ன களைப்பு. நீங்கதான் டியூட்டிக்குப் போயிட்டு வந்திருக்கீங்க."

இருபத்தெட்டு வருடம் ஆன தம்பதி, ஒரே சோபாவின் இரண்டு கோடிகளில், ரயிலில் எதிரெதிரே இடம் கிடைத்த இரண்டு பயணிகளைப் போல உட்கார்ந்திருந்தார்கள். தண்ணீர் குடிக்க எழுந்த கௌஸ் பாய் ஃபிரிட்ஜைத் தொடுவதற்கு முன்னால், "திறக்கட்டுமா?" என்று கேட்டார். ஜொஹராவும், "திறங்களேன்," என்றார்.

அந்த மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை மாலையில்தான் எங்கள் நாடகம். 'நானூற்றிரண்டில் நாலு பேர்'. ஏற்பாடு எப்போதோ முடிவானது. ஜொஹரா வருவார் என்று அப்போது யாருக்குத் தெரியும்? நாடகம் என்ற ஒன்றையே அவர் அதற்கு முன் பார்த்ததில்லை. இரண்டாவது வரிசையில் என் கணவர் உமாபதியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கௌஸ் பாய் வழக்கம் போல நடைபாதைக்குப் போய்விட்டார்.

சங்க அரங்கங்களில் விளக்கை முழுவதும் அணைக்க மாட்டார்கள். மேடையிலிருந்து முதல் நாலு வரிசை நன்றாகத் தெரியும். முதல் அரைமணி நேரம் ஜொஹரா சிரித்தார். விஜயபாஸ்கர் குளியலறைக்கும் சமையலறைக்கும் ஓடியபோது வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். எனக்கும் உற்சாகமாகிவிட்டது. என் இடம் வந்தது. இருமல். தம்ளர். அந்த வாக்கியம்.

அரங்கம் வெடித்தது. ஒன்பது நொடிக்கு மேலேயே இருந்திருக்கும்.

ஜொஹரா சிரிக்கவில்லை. என்னையே பார்த்தார். பிறகு முக்காட்டை முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டு, திரும்பி, தனக்குப் பின்னால் சிரிக்கிறவர்களை ஒவ்வொரு வரிசையாகப் பார்த்தார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எட்டு வருடமாக நான் நீட்டிக்கொண்டிருந்த தம்ளர் யாருடையது என்று.

முடிந்த பிறகு மேடைக்குப் பின்னால் வந்தார். நான் மேக்கப்பைக் கலைத்துக்கொண்டிருந்தேன்.

"நல்லாப் பேசினீங்கம்மா," என்றார். "தண்ணி எடுத்துட்டு வந்தது நெசந்தான். இவுகளுக்கு நிமோனியா வந்த வருஷம். ஆனா சிரிக்கிறதுக்குச் சொல்லலம்மா."

'மச்சான்' என்பதை 'என்னங்க' என்று மாற்றியது மட்டுமே அந்த வாக்கியத்தில் கௌஸ் பாய் செய்த வேலை.

அடுத்த புதன்கிழமை பள்ளி விடும் நேரத்தில் வாசலில் கௌஸ் பாய் நின்றுகொண்டிருந்தார். பட்டறைச் சீருடையில், தலையெல்லாம் மரத்தூள்.

"டீச்சர், அவ எங்கூட சரியாப் பேசல."

"கோவமா இருக்காங்களா பாய்?"

"கோவம்னா திட்டுவாளே. அது இல்ல. சோறு போடுறா. டீ போடுறா. 'இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா'ங்குறா. வேற பேச்சு கெடயாது, மாஃபி." கைகளைப் பிசைந்தார். "நேத்து ஒண்ணு கேட்டா. 'என்னையப் பத்தி இன்னும் என்னென்னா எழுதி வச்சிருக்கீங்க?'ன்னு. எல்லாத்தையும் வாசிச்சுக் காட்டணுமாம். நான் வாசிச்சா வேணாமாம். நீங்க வரணுமாம்."

பத்தொன்பது நாடகங்களும் இரண்டு சூப்பர்மார்க்கெட் பைகளில் வந்து சேர்ந்தன. மூன்று நாள், பள்ளி முடிந்ததும் பர் துபாய்க்குப் போனேன். ஜொஹரா தரையில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருப்பார். ஊருக்குத் திரும்புவதற்குள் கணவருக்கு ஊறுகாய் போட்டு வைத்துவிட்டுப் போக வேண்டும் என்று ஏழெட்டுக் கிலோ வாங்கியிருந்தார். கௌஸ் பாய் பால்கனிக் கதவோரம் நிற்பார். உட்காரச் சொன்னாலும் உட்கார மாட்டார். நான் பெண்டாட்டி வசனங்களை மட்டும் வாசிப்பேன். முதல் நாடகங்களில் அதிகம் இல்லை; மூன்றாவதிலிருந்துதான் ஆரம்பித்தது.

"'ஒங்க பொண்ணு ஒங்கள மாமான்னு கூப்பிட்டா கோவிச்சுக்காதீங்க. அவளுக்கு வெளிநாட்டுலேர்ந்து வர்ற எல்லாருமே மாமாதான்.'"

"இது நான் சொன்னது," என்றார் ஜொஹரா. உரித்த பூண்டில் ஒரு பல்லை எடுத்து ஒரு கிண்ணத்தில் தனியாகப் போட்டார்.

"'பெருநாளைக்கு நீங்க அனுப்புன சேலையக் கட்டிக்கிட்டு ஒங்க போட்டோ முன்னால போயி நின்னேன். நல்லாருக்குன்னு நீங்க சொல்லவே இல்ல.'"

"இதுவும்." இன்னொரு பல்.

எந்த வருடம், எந்த மாதம், அன்றைக்கு மழை பெய்ததா என்பது வரை அவருக்கு நினைவிருந்தது. சில இடங்களில் அவரே சிரித்துவிட்டார். "அல்லாவே, இதையுமா!" என்றார். கிண்ணத்தில் பூண்டு ஏறிக்கொண்டே போனது. கௌஸ் பாய் கண்ணாடிக்கு வெளியே, எதிர் மாடியில் காயும் துணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது நாள், 'எட்டு மணிக்கு மாமியார் இறங்குகிறார்'. நான் வாசித்தேன்: "'ஈரத் துண்டக் கட்டில்ல போடாதீங்கன்னு எத்தன தடவ சொல்றது! மனுஷனா நீங்க? ஒங்களக் கட்டிக்கிட்டு வந்த நாள்லேர்ந்து இந்தக் கட்டில் காஞ்சிருக்கா?'"

ஜொஹராவின் கை பூண்டுத் தோலில் நின்றுவிட்டது.

"இது நான் சொல்லலயே."

கௌஸ் பாய் பால்கனிக் கதவின் தாழ்ப்பாளை விரலால் அழுத்திப் பார்த்தார்.

"மச்சான், இது யாரு சொன்னது?"

"யாரும் சொல்லல. நானா எழுதினது."

"போன நாடகத்துலயும் இப்படித்தான், சோத்துப் பானைய மூடலன்னு ஒரு பக்கம் திட்டுறா. அதையும் நான் சொல்லல." அவர் குரல் உயரவில்லை. "ஒரு நாளு, ஒரு வார்த்த, ஒங்கள நான் திட்டினது உண்டா?"

"இல்ல," என்றார் கௌஸ் பாய். "அதான்."

வெளியே பார்த்தபடியே சொன்னார்: "கேம்ப்ல எல்லாருக்கும் போன் வரும். பக்கத்துக் கட்டில்ல பேசுறது கேக்கும்ல. அவனவன் பொண்டாட்டி வாங்கு வாங்குன்னு வாங்குவா. இவனுங்க போனைக் காதுலேர்ந்து தள்ளிப் பிடிச்சுக்கிட்டு சிரிப்பானுங்க. எனக்கு மட்டும், 'சாப்ட்டீங்களா, ஒடம்பு நல்லா ஈக்கிதா, சரி வைக்கிறேன்'. லீவுல ஊருக்கு வந்தாலும் அப்படித்தான். புதுத் தட்டு எடுத்து வப்பே. எழுதுறப்ப... திட்டுறாப்புல எழுதுனா, வீட்டுல ஈக்கிற மாதிரி இருந்துச்சு."

நான் கையிலிருந்த தாளை மடிப்பதா, விரிப்பதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். மேடையில் வசனம் மறந்தால்கூட யாராவது எடுத்துக் கொடுப்பார்கள்.

"அறுவது நாளைக்கு வர்ற மனுஷன யாரு திட்டுவா?" என்றார் ஜொஹரா. "மொத வாரம் வந்த களைப்பு. கடைசி வாரம் போற கவல. நடுவுல எத்தன நாளு ஈக்கிது, அதுல எந்த நாளத் திட்டுறதுக்கு எடுக்குறது? ஈரத் துண்ட நீங்க கட்டில்லதான் போடுவீங்க. எனக்குத் தெரியாதா? எடுத்துக் கொடியில போட்டுருவேன். நீங்க ஃபிளைட் ஏறினப் பொறவு அந்தக் கட்டில் ரெண்டு வருஷம் காஞ்சுதானே கெடக்குது."

அவர் மறுபடி பூண்டை உரிக்க ஆரம்பித்தார். கௌஸ் பாய் வந்து, முதல் முறையாக, அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். ஒரு பூண்டை எடுத்தார். நுனியில்லாத விரலால் தோலை நெம்பப் பார்த்தார், வரவில்லை. ஜொஹரா அதை வாங்கி உரித்துத் திருப்பிக் கையில் கொடுத்தார். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் அவர் அப்படியே வைத்திருந்தார். நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். யாரும் தடுக்கவில்லை.

விசா முடிந்து ஜொஹரா கிளம்பியது ஒரு காலை நேரத்தில். மதுரை விமானம். நான்தான் காரில் கொண்டுபோய் விட்டேன். பெட்டிகளை எடை போட்டு அனுப்பியாயிற்று. உள்ளே போகிற வாசலுக்கு முன்னால் மூவரும் நின்றோம். விடைபெறும்போது என்ன பேசுவது என்று இருவருக்கும் தெரியவில்லை. அதற்கு முன்னால் எப்போதும் விடைபெற்றுப் போனவர் கௌஸ் பாய்தான். நின்று வழியனுப்புவது அவருக்குப் புதிது.

ஜொஹரா அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். திடீரென்று அவர் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தார்.

"என்னா சட்டை இது? காலர் கிழிஞ்சு தொங்குது, கண்ணு தெரியலயா ஒங்களுக்கு? ஏர்போர்ட்டுக்கு வர்ற மனுஷன் உடுத்துற சட்டையா இது? பொட்டியில நாலு புதுச்சட்டை மடிச்சு வச்சிருக்கேன், அத எடுத்துப் போடத் தெரியாதா? எத்தன தடவ சொல்றது ஒங்களுக்கு!"

ஒரு தடவைகூட அவர் சொன்னதில்லை. வரிசையில் நின்ற நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு பெண் சிரித்தாள். கௌஸ் பாய் காது சிவந்து, "சரி சரி, விடு, எல்லாரும் பாக்குறாங்க," என்றார். ஊரில் உள்ள எல்லாக் கணவன்மார்களும் சொல்கிற அதே குரலில். ஜொஹரா காலரை விட்டார். முகத்தைத் திருப்பிக்கொண்டு வேகமாக உள்ளே போய்விட்டார்.

திரும்பி வந்து அல் கூஸில் காரை நிறுத்தினேன். இறங்கும்போது, "நீங்களும் கேட்டீங்கள்ல?" என்றார்.

"கேட்டேன் பாய்."

தலையை ஆட்டிவிட்டு அறையைப் பார்த்து நடந்தார்.

அதற்குப் பிறகு அவர் புதிதாக எதுவும் எழுதவில்லை. சங்கத்துக்குப் புதிதாக வந்த பொறுப்பாளர்கள் இரண்டு நிமிட வீடியோவாக ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். யோசிக்கிறேன் என்றார்; இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார். இந்த வருடம் 'நானூற்றிரண்டில் நாலு பேர்' நாடகத்தையே திரும்பப் போட்டோம். வசனத்தாளில் அந்தத் தண்ணீர் வாக்கியத்தின் மேல் கோடு இழுத்திருந்தது. விஜயபாஸ்கர் கெஞ்சிப் பார்த்தார். "பாய், அதுதானுங்க நாடகமே!" கௌஸ் பாய் அசையவில்லை. அந்த இடத்தில் நான் தொலைபேசியைக் கீழே வைத்துவிட்டுப் போகிறேன். யாரும் சிரிப்பதில்லை.

ஊருக்கே போய்விடலாமே என்று நான் ஒரு தடவை கேட்டேன். மகள் பிள்ளைப்பேற்றுக்கு வந்திருக்கிறாள், வீடு நிறைய ஆட்கள்.

"போலாம் டீச்சர். கம்பெனி இன்னும் ரெண்டு வருஷம் இருன்னு சொல்லுது. அது அவ வீடு. அறுபத்தோராவது நாள் காலைல எந்திரிச்சு அங்க என்ன செய்யணும்னு எனக்குத் தெரியாது."

போன மாதம் பள்ளி நூலகத்துக்கு அலமாரி சொல்வதற்காகப் பட்டறைக்குப் போயிருந்தேன். மதியச் சாப்பாட்டு நேரம். ரம்பங்கள் நின்றிருந்தன. ஜொஹரா கூப்பிடுகிற நேரம் அது. போட்டிம் செயலியில் வீடியோ கால். தினமும் இரண்டு மணிக்கு. எப்படிப் போகிறது என்று கேட்டேன்.

"நல்லா பேசுறா," என்றார். "சாப்ட்டீங்களாங்குறா. ஒடம்பு எப்படி ஈக்கிதுங்குறா." கொஞ்சம் நிறுத்தி, "ரொம்ப மரியாதையாத்தான் பேசுறா," என்றார்.

போன் அடிக்கத் தொடங்கியது. அவர் உடனே எடுக்கவில்லை. எழுந்து சுவரோரம் இருந்த இரும்புப் பெட்டியைத் திறந்து, தோய்த்து மடித்து வைத்திருந்த அந்தச் சட்டையை எடுத்து, சீருடைக்கு மேலேயே போட்டுக்கொண்டார். வெளிச்சம் விழுகிற பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தார். கிழிந்த காலரை விரலால் இழுத்து, கேமராவுக்கு நன்றாகத் தெரியும்படி வெளியே எடுத்துவிட்டு, போனில் பொத்தானை அழுத்தினார்.